காப்பு அவிழ்க்கும் வரை

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். அவனியாபுரத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரோ கிரைண்டரோ வந்தால் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடம் இதுதான் பிழைப்பு. பெயர் குமரேசன். கோபக்காரன் என்று ஏரியாவில் கேட்டால் சொல்வார்கள். அதில் பொய் இல்லை.

என் நோயை எனக்கு விளக்க டாக்டர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் என் தொழில்தான் விளக்கியது. மோட்டாருக்குள் சுற்றுகிற செம்புக் கம்பி பார்க்க வெறும் கம்பி மாதிரி இருக்கும். அதன்மேல் மெல்லிசாக ஒரு எனாமல் பூச்சு உண்டு. பூச்சு போய்விட்டால் கம்பி முழுசாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, கரண்ட் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. மனுசன் நரம்புக்கும் அப்படி ஒரு பூச்சு இருக்கிறது. ஏதோ ஒரு கிருமி உடம்புக்குள் வருகிறது. அதை அடிக்கக் கிளம்பிய நம்முடைய சொந்த எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் நரம்பின் பூச்சைப் பிடித்து அடிக்கிறது. காலில் ஆரம்பித்து மேலே மேலே ஏறும். கில்லன் பாரே என்று பெயர், சுருக்கமாக ஜி.பி.எஸ். பெயரைக் கேட்டதும் என் அண்ணன், "அது கார்ல வழி காட்டுறதுல்ல?" என்றார்.

கம்பிக்குப் போன பூச்சு திரும்ப வராது. நரம்புக்கு வரும். மாதக்கணக்கில், ஆமை வேகத்தில், ஆனால் பெரும்பாலும் வரும். இந்த ஒரு விஷயத்தை என் வீட்டு ஆட்களை உட்காரவைத்து யாராவது தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

சித்திரை வெயிலில் எதையோ தின்று மூன்று நாள் வயிற்றால் போனது. சரியாகிவிட்டது, மறந்தும்விட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மறுநாள் கடைக்கு நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்திருக்கிறது, பக்கத்து டீக்கடைக்காரர் எடுத்து வந்து கொடுத்தபோதுதான் தெரியும். தெருமுனை கிளினிக்கில் வாயு என்று சொல்லி ஊசி போட்டார்கள். நானும் பூண்டு ரசம் குடித்துவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் காலையில் கக்கூஸில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி லட்சுமி கதவை உடைக்காத குறையாகத் திறந்து, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பேருமாக விழுந்தோம்.

நாங்கள் இருப்பது மாடி வீடு. பேரையூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அண்ணன் தங்கராசு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்டோக்காரர் சேர் எடுத்து வருகிறேன் என்றதைக் கேட்காமல், என்னை முதுகில் போட்டுக்கொண்டு பதினெட்டுப் படியும் இறங்கினார். "கழுத்தக் கட்டிக்கடா, கட்டிக்கடா" என்றார். கட்டிக்கொள்ளக் கை வரவில்லை. இந்த அண்ணனைப் பற்றிப் பின்னால் என்ன சொன்னாலும், இந்தப் பதினெட்டுப் படியையும் சேர்த்துத்தான் கணக்கில் வைக்கவேண்டும்.

ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் இடம். முட்டியில் ரப்பர் சுத்தியலால் தட்டினார்கள், கால் கல்லு மாதிரிக் கிடந்தது. பிறகு கையிலும் காலிலும் கம்பி ஒட்டி ஷாக் வைத்து, நரம்பில் கரண்ட் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க மோட்டாருக்கு நான் செய்ததை எனக்குச் செய்தார்கள். சிரித்துவிட்டேன். டெக்னீஷியன் பையன் பயந்துபோய் நிறுத்தினான். அப்புறம் என்னை ஒருக்களித்து இறால் மாதிரிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடுமுதுகில் ஊசி இறக்கி முதுகுத்தண்டு நீர் எடுத்தார்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை.

மருந்து என்பது யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதம். ஐந்து நாள், பாட்டில் பாட்டிலாக. ஒவ்வொரு பாட்டிலும் வந்து தொங்கும்போது லட்சுமியின் கழுத்தைப் பார்ப்பேன். மூன்றாம் பாட்டிலுக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. பில்லைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் இன்னொரு நோய் வந்துவிடும்.

தினமும் ஒரு நர்ஸ் வந்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வாள். மூச்சு இழுக்கிற தசை எந்த அளவுக்குத் தெம்பாக இருக்கிறது என்று பார்க்க அதுதான் சுலப வழியாம். முதல் நாள் இருபத்தெட்டு எண்ணினேன். மறுநாள் பத்தொன்பது. அடுத்த நாள் பதினொன்றில் நின்றேன். ஏழு வரை வந்த அன்று, என்னை ஐ.சி.யூ.வுக்கு உருட்டிக்கொண்டு போய்த் தொண்டையில் குழாய் இறக்கி மிஷினில் போட்டார்கள். இரண்டு நாளில் முகமும் போனது. கண் இமை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை, பாதியில் நின்றது. கருவிழி காய்ந்துவிடக் கூடாது என்று களிம்பு தடவி, இரண்டு கண்ணையும் பிளாஸ்திரி போட்டு மூடிவிட்டார்கள்.

முதலில் மயக்க மருந்து கொடுத்து வைத்திருந்தார்கள். அதைக் குறைத்ததும் எனக்குப் புத்தி முழுசாகத் திரும்பிவிட்டது. அது யாருக்கும் தெரியாது. இந்த நோய் கொண்டுபோவது அசைவை மட்டும்தான். காது கேட்கும். ஊசி குத்தினால் வலிக்கும். மூக்கு அரித்தால் அரிக்கும், நாள் பூராவும் அரிக்கும். நுரையீரல் சளியை எடுக்கக் குழாய்க்குள் இன்னொரு குழாயை விட்டு உறிஞ்சுவார்கள், அப்போது கிணற்றுக்குள் முக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும். கத்த வாய் கிடையாது. ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ் மட்டும், "குமரேசண்ணே, சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், இந்தா முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுச் செய்வாள். மற்றவர்கள் என் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். ஸ்டெல்லா இல்லாத ஷிப்டில் நான் ஒரு சாமான்.

பார்க்க வருகிறவர்கள் அதைவிட. ஒருத்தர் உள்ளே வந்ததும், "மூஞ்சியில களையே இல்லையே" என்றார். இன்னொருத்தர், "பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு லட்சுமி என்ன பண்ணுவா" என்று லட்சுமியின் தம்பியிடமே கேட்டார். தொழில்முறையில் பழக்கமான ஒருத்தன் கடை யாருக்குப் போகும் என்று விசாரித்தான். அவன் யாரென்று குரலை வைத்து எனக்குத் தெரியும். இப்போது அவன் கடையைத் தாண்டிப் போகும்போது கும்பிடு போடுகிறான், நானும் போடுகிறேன்.

இரண்டாவது வாரம் நுரையீரலில் கிருமி பிடித்தது. மிஷினில் கிடக்கிறவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். காய்ச்சல் கொதித்தது, ரத்த அழுத்தம் இறங்கியது. நரம்பு டாக்டர் பெரியவர், நாளைக்கு ஒரு தடவை வருவார், கூட வருகிறவர்களிடம் வேகமாக இங்கிலீஷில் பேசிவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஆட்களிடம் பேசுவதெல்லாம் டியூட்டி டாக்டர்தான். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் என் கட்டில் பக்கத்தில் வைத்தே அவர் சொன்னார்:

"இன்ஃபெக்ஷன் ரத்தத்துல கலந்துருச்சு. பி.பி. நிக்க மாட்டேங்குது. கண்ணு, மூஞ்சி எதுலயும் அசைவு இல்ல. எதுவும் சொல்றதுக்கில்லைங்க."

"பொழைப்பானா மாட்டானா, ஒத்த வார்த்தை சொல்லுங்க சார்" என்றார் அண்ணன்.

"நாங்க அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க. முடிஞ்சதப் பண்றோம்."

டாக்டர் அதை ஒரு டாக்டராகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் "முடிஞ்சதப் பண்றோம்" என்றால் ஆள் முடிந்தது என்று அர்த்தம். டாக்டர் நகர்ந்தார். அப்புறம் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார்.

"தாயி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. உசுரு கெடக்கயிலயே ஊருக்குக் கொண்டுபோயிருவோம். வெளிய போன உசுரை வீட்டுக்குள்ள எடுக்க விடமாட்டாக. தெருவுல பந்தலப் போட்டு, அநாதப் பொணம் மாதிரி வச்சுத் தூக்குறதா? அவன் காசு போட்டுக் கட்டுன வீடு தாயி அது. அந்த வீட்டுக்குள்ள அவன் போக வேண்டாமா?"

எங்கள் ஊரில் அப்படித்தான். வெளியூரில், ஆஸ்பத்திரியில் இறந்துபோனால் உடம்பை நிலைப்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். அதனால் உயிர் இருக்கும்போதே, மிஷினைக் கழற்றிவிட்டு, ஆம்புலன்ஸில் கையால் அமுக்குகிற மூச்சு பலூனோடு கொண்டுபோவார்கள். வீட்டுக் கூடத்தில் படுக்கவைத்து, சொந்தபந்தம் எல்லாம் வாயில் பால் ஊற்றிய பிறகு, பலூன் அமுக்குவதை நிறுத்துவார்கள். நல்ல சாவு என்று ஊரே சொல்லும். அண்ணன் எனக்குச் செய்ய நினைத்தது கெடுதல் இல்லை, மரியாதை.

"நீங்க சொன்னாச் சரி மாமா" என்றாள் லட்சுமி.

நான் உள்ளே கத்தினேன். டேய், நான் இருக்கிறேன்டா, கேட்கிறதுடா, மிஷினைக் கழற்றாதீங்கடா. என் நெஞ்சுத் துடிப்பு ஏறி, தலைக்கு மேலே இருந்த மானிட்டர் அலறியது. ஒரு நர்ஸ் வந்து பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனாள். இந்த நோயில் நெஞ்சுத் துடிப்பு காரணமில்லாமல் ஏறி இறங்குமாம். காரணத்தோடு ஏறினாலும் அதே பட்டன்தான்.

அன்றைக்கே கொண்டுபோயிருப்பார்கள். பேப்பர் கூட வாங்கிவிட்டார்கள், எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போடுகிற பேப்பர். அந்த நேரத்தில் அண்ணனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. போனில் பேசிய ஆள் கத்திப் பேசுகிறவர், எனக்கே கேட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காளியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. வைகாசிப் பொங்கல். அந்த வருடம் முன்னால் நின்று நடத்துகிறவர்களில் அண்ணனும் ஒருத்தர், அவர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டவேண்டும்.

அண்ணன் போனை வைத்தார். பிறகு, "தாயி, ஒரு சங்கடம்" என்றார்.

"என்ன மாமா?"

"காப்புக் கட்டிட்டா ஊருக்குள்ள கேதம் ஆகக்கூடாது. ஒரு சாவு விழுந்துச்சுன்னா பொங்கல் நின்னுபோகும். முளைப்பாரி போட்டு வெரதம் இருக்கவளுக எல்லாம் என்னையச் சும்மா விடுவாளுகளா? நானே முன்ன நிக்கிறவன். எட்டு நாள் பொறுத்துத்தான் ஆகணும். அடுத்த புதன்கெழமை முளைப்பாரியக் கரைச்சுட்டுக் காப்ப அவுத்துருவோம். வியாழக்கெழமை காலையில நானே ஆம்புலன்சோட வாரேன்."

"எட்டு நாளு தாங்குவாகளா மாமா?"

அண்ணன் வெளியே போய் டியூட்டி டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டிருப்பார், கைக்கடிகாரச் சங்கிலி குலுங்குகிற சத்தம் கேட்டது. "எட்டு நாள் மட்டும் இழுத்துப் பிடிங்க சார்" என்றார். "எம்புட்டுச் செலவானாலும் பரவாயில்ல. எட்டு நாள் மட்டும்."

ஊரில் இப்போதும் காளியாத்தாதான் என்னைக் காப்பாற்றினாள் என்கிறார்கள். ஆத்தா என்னைக் காப்பாற்றினாளோ இல்லையோ, அவளுக்குப் பொங்கல் வைக்கிற தேதி காப்பாற்றியது. ஒரு வாரம் முந்தியோ பிந்தியோ எனக்கு நோய் வந்திருந்தால் கதை கூடத்திலேயே முடிந்திருக்கும்.

அந்த எட்டு நாளும் எனக்கு ஒரே வேலைதான். எங்கேயாவது ஒரு இடத்தில் ஒரு நூல் அசைவு வரவேண்டும், அதை ஒரு ஆள் பார்க்கவேண்டும். பழுதான மோட்டாரில் ஒவ்வொரு முனையாக டெஸ்டர் வைத்துப் பார்ப்பதுபோல, கால் கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக, முட்டி, இடுப்பு, தோள், நாக்கு என்று மனசால் தள்ளிப் பார்ப்பேன். எதிலும் கரண்ட் இல்லை. உச்சி வரை போய்விட்டு மறுபடி கட்டைவிரலுக்கு வருவேன். காய்ச்சல் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மருந்து மாற்றியிருந்தார்கள், கிருமி அடங்கியது. எட்டு நாள் இழுத்துப் பிடிக்கச் சொன்னதால் நல்ல மருந்தாகவே போட்டிருப்பார்கள்போல.

லட்சுமிக்குக் காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். வந்ததும் பாதம் இரண்டிலும் தேங்காய் எண்ணெய் தடவுவாள். விரல் இடுக்கு விடாமல் தடவுவாள். கல்யாணம் ஆன பதினெட்டு வருடத்தில் அவள் என் காலைத் தொட்டது நல்ல நாளில் விழுந்து கும்பிடும்போது மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். எனக்குக் கேட்காது என்கிற தைரியத்தில் பேசினாள்.

"எனக்கு முடியலைங்க. கீழ தரையில உக்காந்து உக்காந்து காலு வீங்கிப்போச்சு. பாப்பாவ எங்கம்மா வீட்டுல விட்டிருக்கேன், போன் பண்ணுனா அழுகுறா. எந்தச் சாமியும் கண்ணத் தொறக்கல. போறதா இருந்தாப் போயிருங்க. இப்புடிக் கெடந்து எங்களையும் சேத்துக் கொல்லாதீக."

சொல்லிவிட்டு அடுத்த காலை எடுத்து மடியில் வைத்து, அதற்கும் எண்ணெய் தடவினாள். எனக்கு மட்டும் அன்றைக்குக் கை இருந்திருந்தால் அடித்திருப்பேன். உண்மையைச் சொல்வதற்குத்தானே எழுதுகிறேன், அடித்திருப்பேன். அவள் போன பிறகு அந்த எண்ணெய் வாசனை கட்டிலைச் சுற்றி நின்றது. அடுத்த பத்து நிமிடம் எப்போது வரும் என்று நான்தான் காத்துக் கிடந்தேன்.

திங்கட்கிழமை, நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் தோலை இழுக்கிற மாதிரி இருந்தது. மறுபடி செய்து பார்த்தேன். மறுபடி இழுத்தது. இடது புருவம். நான் தள்ளினால் அசைகிறது, விட்டால் இறங்குகிறது. இந்த நோயில் கடைசியாகப் போனது முதலில் திரும்பும் என்று பின்னால் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது, என் வீட்டு லைன் வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. ஆனந்தம் என்றால் அதுதான் ஆனந்தம்.

வந்தவர் போனவர் எல்லோருக்கும் புருவத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. ஐ.சி.யூ.வில் நோயாளி முகத்தை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் தலைக்கு மேலே இருக்கிற பெட்டியைத்தான் பார்ப்பார்கள். ஸ்டெல்லா பார்த்திருப்பாள், அவளுக்கு அந்த வாரம் வேறு வார்டு. செவ்வாய் போனது. ஊரில் பொங்கல் பொங்கியிருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் லட்சுமி கோயில் விபூதியோடு வந்தாள், அண்ணன் யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தார். பெருவிரலால் நெற்றியில் வைத்து அழுத்தி இழுத்தாள். உயிரையெல்லாம் கூட்டிப் புருவத்தைத் தூக்கினேன். அவள் விரல் நின்றுவிட்டது. எடுத்தாள். மறுபடி அதே இடத்தில் வைத்தாள். மறுபடி தூக்கினேன்.

"என்னங்க?" என்றாள், காதோரம்.

தூக்கினேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் கூப்பிட்டார். அவள் ஷிப்ட் நர்ஸிடம் சொன்னாள். "அதெல்லாம் சதை தானாத் துடிக்கும்மா" என்றாள் நர்ஸ். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். "ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு தாயி, மனசத் தேத்திக்க" என்றாராம் அவர்.

வியாழக்கிழமை காலை அண்ணன் வந்தது அவர் பேசுவதற்கு முன்பே தெரிந்தது. மஞ்சள் தண்ணீர் வாசனை. முளைப்பாரி முடிந்து முறைக்காரப் பெண்கள் ஊற்றிய சட்டையோடு நேராக வந்திருக்கிறார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "கொமரேசா, வீட்டுக்குப் போவோம்டா" என்றார். குரல் உடைந்து போயிருந்தது. பேப்பரில் பெரிய டாக்டரும் கையெழுத்துப் போடவேண்டும் என்பதால் அவரும் வந்தார். பேனா கேட்டார். லட்சுமியிடம் பேப்பரை நீட்டினார்கள்.

அவள் வாங்கவில்லை. "சார், நேத்து நெத்தி அசைஞ்சுச்சு சார். என் வெரலுக்கு அடியில. மூணு தடவ."

"அவ பொலம்புறா சார்" என்றார் அண்ணன்.

டாக்டர் குனிந்து பிளாஸ்திரியை எடுத்தார். வெளிச்சம் குத்தியது. முகம் எதுவும் தெரியவில்லை, கலங்கலாக நாலைந்து உருவம். "குமரேசன், நான் பேசுறது கேட்டாப் புருவத்தைத் தூக்குங்க." தூக்கினேன். "இரண்டு தடவை." இரண்டு தடவை தூக்கினேன். "உங்க பேரு முருகனா?" என்று கேட்டார். கல்லு மாதிரிக் கிடந்தேன். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூட வந்திருந்த பயிற்சி டாக்டர் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் பாடமே நடத்த ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஒரு ஆர்வத்தில்தான் கேட்டார், என் கட்டில் பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியாது:

"இத்தனை நாளும் இங்க பேசுனது எல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டாலும் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. உயிர் ஏற்கெனவே தப்பிவிட்டது. பேசாமல் கிடந்தால் அவர்கள் இரண்டு பேரும் நிம்மதியாக வாழ்ந்திருப்பார்கள். இதையெல்லாம் யோசித்தேன், அவசரத்தில் செய்ததில்லை. யோசித்து, புருவத்தை எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கினேன். கொஞ்ச நேரம் இறக்காமல் வைத்திருந்தேன்.

லட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுத சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது, அண்ணன் வெளியே போய்விட்டார். கீழே போய் ஆம்புலன்ஸ்காரருக்கு வாடகையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மஞ்சள் சட்டையோடு பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார் என்று பின்னால் தெரிந்தது.

மிஷினிலிருந்து கழற்ற இன்னும் ஒரு மாதம் ஆனது. வாய்க் குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள், அந்த ஓட்டை மூடிய பிறகுதான் குரல். வீட்டுக்கு வந்து தலையைத் தானாக நிறுத்த மூன்று வாரம், உட்கார இரண்டு மாதம். பூச்சு திரும்ப வரும்போது நரம்பில் கரண்ட் தாறுமாறாக ஓடும், ராத்திரி பகல் இல்லாமல் கால் எரியும். பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து நிற்கவைக்கும்போது அவளை நான் சொல்லாத வார்த்தை இல்லை. அவள் சிரித்துக்கொண்டே, "திட்டுறதுக்கு மூச்சு நல்லா வருதே மாமா" என்பாள்.

லட்சுமி எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒருநாள் கஞ்சி சூடாக இருந்ததென்று கோபத்தில், "அன்னைக்கே கொண்டுபோய்ப் போட்டிருக்க வேண்டியதுதானே" என்றேன். கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள். குழாயடியில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்ப வந்து, கஞ்சியை ஆற்றி, மிச்சத்தையும் ஊட்டினாள். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். வாய் வரவில்லை. அவள் சனிக்கிழமை பேசியதை மறக்கவும் வரவில்லை. அவள் விரல்தான் என்னைப் பிழைக்கவைத்தது, அதுவும் தெரியும். மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறோம்.

அண்ணன் வரவில்லை. கடலை, அரிசி, எலுமிச்சம்பழம் என்று வாராவாரம் பஸ் கண்டக்டரிடம் மூட்டை மட்டும் வரும். அவருக்கு என் முகத்தில் முழிக்க வெட்கம் என்று நினைத்தேன். நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். ஐந்து மாதம் கழித்து, ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்தார். நான் வாக்கரைப் பிடித்து நடந்து காட்டினேன். லட்சுமி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். டம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்டா. அஞ்சு மாசமாத் தூக்கமில்ல" என்றார். "அய்யாவுக்கும் கேட்டிருக்குமாடா?"

இதை நான் இதுவரை எழுதாமல் வந்தேன். எழுதக் கூச்சமாக இருந்தது. எங்கள் அய்யாவுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் மூளையில் ரத்தக் கசிவு வந்து, இதே மாதிரி மிஷினில் கிடந்தார். நாலாவது நாள், கொண்டுபோய்விடலாம் என்று முதலில் வாயைத் திறந்தது நான்தான். அண்ணன் இன்னும் இரண்டு நாள் பார்ப்போமே என்றார். நான்தான் சத்தம் போட்டு அவரைச் சம்மதிக்கவைத்தேன். பேப்பரில் கையெழுத்தும் என்னுடையது. எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணன் கற்றுக்கொண்டது என்னிடம்.

"இல்லண்ணே" என்றேன். "அய்யாவுக்கு மூளைக்குள்ளயே ரத்தம் கசிஞ்சிருச்சு. எனக்குப் போனது நரம்போட மேல் பூச்சு மட்டும். ரெண்டும் வேற வேற. அவருக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. பெரிய டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்."

டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். "நெசமாத்தான சொல்ற?" என்றார். "சாமி சத்தியமா" என்றேன். இருந்து சாப்பிட்டுவிட்டு, என் மகளுக்குக் கையில் காசு கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே சிரித்த முகமாகக் கிளம்பினார்.

அய்யாவைக் கொண்டுபோன அன்று ஆம்புலன்ஸில் அண்ணன் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். பின்னால் நான் மட்டும்தான், வலது கையில் பலூன், இடது கையில் அய்யாவின் கை. ஊர் விலக்கில் வண்டி திரும்பியதும் அண்ணன் முன்னாலிருந்து, "அய்யா, ஊரு வந்துருச்சுய்யா" என்று கத்தினார். அய்யாவின் விரல்கள் என் விரல்களை இறுக்கிப் பிடித்தன. பிடித்து, விடவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீடு வரை பலூனை அமுக்கிக்கொண்டு வந்தேன். கூடத்தில் எல்லோரும் பால் ஊற்றி முடித்த பிறகு நிறுத்தினேன்.